கயிற்றை அவிழ்த்தது நான்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். நேற்று பெய்த மழை ஊரைக் குளிரவைக்காமல் தெருவை மட்டும் சேறாக்கிவிட்டுப் போயிருக்கிறது.

இன்று: ரிடையர்டு தமிழய்யா வீட்டில் வெறும் வயிற்று சுகர். வீட்டுக்காரர் டேனியலுக்கு ஷிப்டு, சாப்பாடு கட்ட வேண்டும். ஆராதனையில் பெண்கள் ஐக்கியம் சார்பாக ஜெபம் என்னுடையது. வெள்ளைச் சேலை இஸ்திரி போடவில்லை. ரத்த சாம்பிள் வைக்கும் ஐஸ் பெட்டியின் மூடி மறுபடி உடைசல்.

இதெல்லாம் முடிந்தது. இன்னொன்றும் நடந்தது. அதை இன்றே எழுதிவிடுகிறேன். நாளைக்கு எழுதினால் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

தமிழய்யாவுக்கு ரத்தம் எடுத்துவிட்டு வெளியே வந்தபோதே சர்ச்சில் முதல் மணி அடித்துவிட்டது. நெசவுக்கார ஏகாம்பரம் ஐயா தெரு வழியாகப் போனால் சீக்கிரம். தெரு முனையில் கயிறு. கம்பத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கும் குறுக்கே கட்டியிருந்தார்கள். கயிறு கட்டியிருந்தால் தெருவில் பாவு போட்டிருக்கிறார்கள், தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளை நீளமாக விரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், சுற்றித்தான் போக வேண்டும். காஞ்சிபுரத்தில் பிறந்த பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

பாவு தெருவின் முழு நீளத்துக்கு, மூங்கில் கால்கள்மேல், அரக்குச் சிவப்பு. கஞ்சி தெளித்து முடித்து, காயவிட்டு, எல்லோரும் டிபனுக்கு உள்ளே போயிருந்தார்கள். ஓர் ஆள் இல்லை. சுவரை ஒட்டி ஸ்கூட்டியில் போய்விடலாம் என்று கயிற்றை அவிழ்த்தேன். பாதி தூரம் போனேன். பின்னால் கட்டியிருந்த ஐஸ் பெட்டி ஒரு மூங்கில் காலில் இடித்தது. அது சாய்ந்தது, அடுத்தது சாய்ந்தது, பாவு அப்படியே சாக்கடை ஓரச் சேற்றில். இழைகள் வண்டி ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டு இழுபட்டன. இழுத்தேன். அறுந்தது. சத்தமே வரவில்லை.

ஒரு காலை மட்டும் நிமிர்த்தி வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. போய்விட்டேன்.

இரண்டாம் மணிக்கு முன்னால் சர்ச்சில் இருந்தேன். ஜெபம் நன்றாக இருந்தது என்று பாஸ்டரம்மா சொன்னார்கள். சீலன் இன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூடவா வீடு வீடாகத் தண்ணி கேன் போட வேண்டும்? ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை, கிறிஸ்துமசுக்கு மட்டும் தலை காட்டுகிறான். பார்த்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும்.


ஜூலை 7, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. மூன்று வீடு, நாலு சாம்பிள். பால்காரர் பாக்கெட் போடவில்லை.

சீலன் மனைவி மேரி, தெரு முனையில் என் வண்டியை நிறுத்தினாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, உனுக்கு அந்த நெசவுக்காரங்க தெருவுல எல்லாரையும் தெரியும் இல்ல? எங்க வூட்டுக்காரரு மேல பழி போட்டாங்கக்கா. பாவு மேல தண்ணி கேனைப் போட்டு நாசம் பண்ணிட்டாருன்னு. இனிமே தெரு உள்ளயே வராதேன்னு சொல்லிட்டாங்க. ஏஜென்சிக்காரரு அந்த லைன்லேந்தே எடுத்துட்டாரு."

"அவன் இன்னா சொல்றான்?"

"நான் பண்ணலைன்னு ஒரு தபா சொன்னாராம். அப்பறம் வாயே தொறக்கலை. வூட்லயும் பேச மாட்டேங்கறாரு."

விசாரிக்கிறேன் என்று சொன்னேன். 'விசாரிக்கிறேன்'. அடி பாவி.

அவன் எப்படி அங்கே வந்தான்? நான் போகும்போது ஓர் ஈ காக்கை இல்லையே.


ஜூலை 8, செவ்வாய்

வெயில். டேனியலிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து முழுதாகக் கேட்டார்.

"சும்மா இரு லிசி. உனுக்காக சொல்லலை. அந்தத் தெருக்காரங்க வூட்டுக்குள்ள உன்னை உக்கார வச்சிக் காபி குடுக்கறதுக்கு எத்தினி வருசம் ஆச்சி? நீ போய் நான்தான்னு சொன்னா, உன் ஒருத்தியோட போவாது. நம்ம ஜனம் எல்லாமே இப்டித்தான்னு பேசுவாங்க. சர்ச்சையும் சேத்துப் பேசுவாங்க."

"இப்ப சீலனை வச்சிப் பேசலியா?"

ரசம் நன்றாக இருந்தது என்றார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் கொடுமை. முதன்முதல் அந்தத் தெருவுக்குப் போனபோது வாசலில் நிற்கவைத்தே கையை நீட்டுவார்கள். இப்போது சிவகாமி அம்மா, அதாவது ஏகாம்பரம் ஐயாவின் மனைவி, என்னை ஊஞ்சலில் உட்காரச் சொல்கிறார். அவர்கள் குடிக்கும் டம்ளரில்தான் எனக்கும் காபி. நான் நர்ஸ்கூட இல்லை, லேபிலிருந்து ரத்தம் எடுக்க வருகிறவள், ஆனால் நர்ஸம்மா என்றுதான் அழைப்பார்கள்.

நான் யார்மேல் எல்லாம் பழியைப் போட்டுப் பார்த்தேன் என்று ஒரு பட்டியல்:

முதல் மணியைச் சீக்கிரம் அடித்த சர்ச்சு ஆள்.
மூடி உடைந்த ஐஸ் பெட்டி.
காவலுக்கு ஆள் வைக்காமல் இட்லி சாப்பிடப் போன ஏகாம்பரம் ஐயா குடும்பம்.
பிசாசு.

ஆதாமுக்கு ஏவாள் கிடைத்தாள், ஏவாளுக்குப் பாம்பு கிடைத்தது. எனக்கு நாலு பேர் கிடைத்திருக்கிறார்கள், பரவாயில்லை. பிசாசுக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியாது. ஓட்டினவள் நான்.


ஜூலை 9, புதன்

ஏகாம்பரம் ஐயாவுக்கு மூன்று மாதச் சராசரி சுகர் பார்க்கும் நாள். போகாமல் இருக்க என்னென்னவோ யோசித்தேன். லேபில் வேறு ஆள் இல்லை. போனேன்.

தறி ஓடவில்லை. கூடத்தில் பாவைச் சுருட்டி வைத்து, சிவகாமி அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார்கள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு இழை.

ஐயா கையை நீட்டினார். ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தட்டினேன்.

"பார்த்தியாமா அந்தக் கோலத்தை? மூணு பொடவைக்கான பாவு. ஆவணி முகூர்த்தத்துக்குக் கல்யாணப் பொடவை அதுலதான். சேத்துல கெடந்த பாகத்தை வெட்டித்தான் போடணும். ரெண்டு தேறுனாலே பெரிசு. கல்யாணப் பொண்ணு வூட்டுக்கு இன்னா பதில் சொல்றதுன்னு தெர்ல."

"யாரு..." என்று ஆரம்பித்தேன். எதற்கு ஆரம்பித்தேன்?

"அந்தத் தண்ணி கேன் பையன்தான். நான் வெளிய வரேன், பாவை ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கினு நிக்கறான். கேன் உருண்டு கெடக்குது. கையும் களவுமா. நீ பண்ணலைன்னா யாருடா பண்ணதுன்னு தெருவே நின்னு கேட்டுது. பேச மாட்டேங்கறான். பேசலைன்னா அவன்தானே?"

ஊசி நரம்பில் ஏறவில்லை. எடுத்து மறுபடி குத்தினேன். அவர் கையில் இதுவரை எனக்குத் தப்பியதே இல்லை.

"இன்னாமா நர்ஸம்மா, உனுக்கே கை தப்புதா?" சிரித்தார். "எதுனா ஒடம்பு சரியில்லியா? சிவகாமி, இந்தப் பொண்ணுக்குக் காபி குடு."

குடித்தேன். அதே டம்ளர்.

வழியெல்லாம் ஜெபம்: ஆண்டவரே, ஒரு வழியைத் திறந்தருளும், ஒரு வாசலைக் காட்டும். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அந்த வீட்டு வாசல் திறந்துதான் இருந்தது. நான் அதற்குள் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்திருக்கிறேன். கர்த்தர் இன்னும் எந்த வாசலைத் திறப்பார்?


ஜூலை 10, வியாழன்

சாயங்காலம் நல்ல மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. பெண்கள் ஐக்கியக் கூட்டம், பாஸ்டரம்மா வீட்டில். வந்தவர்கள் கொஞ்சம்தான். சுண்டல்.

இதை எழுதக் கை கூசுகிறது.

ஜெபக் குறிப்புகள் வாசித்தார்கள். ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவர் மகனுக்கு வேலை. கடைசியில் பாஸ்டரம்மா, "நம்ம சீலன் தம்பி ஒரு தப்பு பண்ணிட்டு ஒத்துக்க மாட்டேங்குது. அதுக்கு உண்மையைப் பேசற இருதயத்தைத் தேவன் குடுக்கணும். லிசி, நீங்க ஜெபிங்க" என்றார்கள்.

ஜெபித்தேன்.

நன்றாகவே ஜெபித்தேன். சீலனுடைய இருதயத்தை உடைத்தருளும் என்றேன். இரண்டு பேர் அழுதார்கள். மேரி வரவில்லை, அந்த மட்டும் தேவன் இரக்கமாயிருந்தார்.

திரும்பும்போது மழையில் நனைந்தே வந்தேன். டேனியல் துண்டு கொடுத்தார், ஏதும் கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, மன்னியும், மன்னியும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கர்த்தர் மன்னிப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அறுந்தது அவருடைய பாவு இல்லையே. தெருவுக்குள் வராதே என்று அவரைச் சொல்லவில்லையே. நான் சொல்லவேண்டிய இடத்துக்குப் போகாமல், சொல்லாமலே தெரிந்தவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.


ஜூலை 11, வெள்ளி

லேபிலிருந்து நேராகப் பஸ் ஸ்டாண்டு. சீலன் இப்போது அங்கே கடைகளுக்குக் கேன் இறக்குகிறான். என்னைப் பார்த்ததும் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு, "வாங்கக்கா" என்றான். எப்போதும்போல.

வண்டிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பாவத்தை அறிக்கை செய்கிற இடமா அது? ஒருவன் வேலூர் வேலூர் என்று கூவிக்கொண்டே இருக்கிறான்.

"சீலா, அன்னிக்கு அந்தப் பாவு..."

"தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"நீங்க வண்டியை இழுத்துக்கினு இருந்தப்ப நான் எதுர் வூட்டு உள்ள கேன் மாட்டிக்கினு இருந்தேன். ஜன்னல்ல பார்த்தேன். வெளிய ஓடியாறதுக்குள்ள நீங்க போய்ட்டீங்க. பட்டு சேத்துல ஊறுதேன்னு காலி கேனைக் கீழ போட்டுட்டுத் தூக்கினேன். அப்பதான் ஐயா வந்தாரு."

நான் போட்டதை அவன் தூக்கியிருக்கிறான். தூக்கின கைக்குத்தான் பழி.

"ஏன்டா சொல்லலை? என் பேரைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா? தப்பிக்கறதுக்கு நர்ஸம்மா மேல போடறான் பாருன்னுவாங்க." கேனைத் தோளிலிருந்து இறக்கி வைத்தான். "அதில்லாம... நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்க்கா. திங்கக்கெழமை சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன். செவ்வாக்கெழமை பார்த்தேன். நீங்க சர்ச்சுல எங்க எல்லாருக்கும் ஜெபம் பண்றவங்க ஆச்சே."

குத்திக் காட்டவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பேன். நிஜமாகவே நம்பித்தான் சொன்னான். பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். பூக்காரம்மா தண்ணீர் கொடுத்தாள்.

இப்போதே ஏகாம்பரம் ஐயாவிடம் போகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"அவரு கிட்ட மட்டும் தனியா சொல்லாதீங்கக்கா. என்னைத் தெருவே நின்னு கேட்டுது."

சரிதான். அந்தத் தெரு எப்போது மொத்தமாக நிற்கும்? பாவு போடும்போதுதான். ஒரு வீட்டுப் பாவு என்றால் எல்லா வீட்டுக் கையும் வரும்.


ஜூலை 12, சனி

வெயிலும் இல்லை மழையும் இல்லை. துணி காயவில்லை.

தமிழய்யாவுக்கு ரிசல்ட் கொடுக்கப் போனபோது சாடையாகக் கேட்டேன். நாளைக் காலை மறுபடி பாவு போடுகிறார்களாம், ஏகாம்பரம் ஐயா வீடுதான். வெட்டியது போக மீதியைச் சரிபண்ணிக் கஞ்சி போடுகிறார்கள்.

பாஸ்டரம்மாவுக்குப் போன் செய்து நாளை ஜெபத்துக்கு வேறு ஆளைப் போடச் சொன்னேன்.

"ஏன் லிசி, ஒடம்பு சொகமில்லியா?"

"நல்லாதான் இருக்குது. சீலன் பண்ணலைங்க. நான் பண்ணேன்."

"வியாழக்கெழமை நீங்கதானே..." என்றார்கள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

டேனியல்: "முடிவே பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"அப்ப நானும் வரேன்."

"வேணாம். கயித்தை அவுக்கறப்ப நீ கூட இல்லியே."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். எழுந்து போய் ஐஸ் பெட்டி மூடியைக் கம்பி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார், வெகுநேரம். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் சில நேரம் எவ்வளவு கத்துகிறேன்.

பயமாக இருக்கிறது. என்ன நடந்தாலும் சரி என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. அந்த டம்ளர் வேண்டும் எனக்கு. அந்த ஊஞ்சல் வேண்டும். ஏசப்பா, உண்மையைச் சொல்கிறேன், கூட இரும். எதையும் காப்பாற்றிக் கொடும் என்று கேட்கவில்லை. கேட்கத்தான் ஆசை.


ஜூலை 13, ஞாயிறு

விடியற்காலையில் இளங்காற்று, பாவு போட நல்ல நாள். வண்டி எடுக்கவில்லை, நடந்தே போனேன். நல்ல சேலை கட்டுவதா வேண்டாமா என்று குழம்பி, கடைசியில் தினமும் கட்டுவதையே கட்டினேன்.

கயிறு கட்டியிருந்தது. இந்தத் தடவை குனிந்து போனேன்.

தெருவே நின்றது. ஒரு பக்கம் ஆண்கள் பாவை இழுத்துப் பிடிக்க, பெண்கள் கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தார்கள். சிவகாமி அம்மா என்னைப் பார்த்து, "இன்னிக்கு யாருக்கு ரத்தம்?" என்று சிரித்தார்.

நடுவில் போய் நின்றேன். நாலைந்து விதமாகச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"போன ஞாயித்துக்கெழமை பாவைத் தள்ளினது நான். கயித்தை அவுத்துட்டு வண்டியை உள்ள விட்டேன். சர்ச்சுக்கு லேட் ஆச்சின்னு. சாய்ஞ்சதும் யாருகிட்டயும் சொல்லாம ஓடிட்டேன். சீலன் தூக்கி நிறுத்த வந்தவன். அவன் மேல ஒரு தப்பும் இல்லை."

கஞ்சி தெளித்த கை எல்லாம் அப்படியே நின்றுவிட்டது.

சிவகாமி அம்மா: "புதன்கெழமை வந்து எங்க வூட்ல காபி குடிச்சியே."

"குடிச்சேம்மா."

"நான் பக்கத்துல உக்காந்து இழை முடிஞ்சிக்கினு இருந்தேன். பார்த்துக்கினு குடிச்சே."

"ஆமாம்மா."

அதற்குமேல் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் யாரோ ஒரு பெண், "அவனா இருந்தா இன்னா, இவளா இருந்தா இன்னா, எல்லாம் ஒண்ணுதான்" என்றாள். டேனியல் சொன்னது அப்படியே வந்தது. வலித்தது. பொய் என்று திருப்பிச் சொல்ல வாய் துடித்தது, அதைச் சொல்லும் நாள் இன்று இல்லை.

ஏகாம்பரம் ஐயா பாவின் அந்த முனையில் இருந்தார். பிடித்திருந்ததை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு மூங்கில் காலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே மெதுவாக வந்தார். நஷ்டத்துக்கு என்னால் ஆனதைச் செய்கிறேன் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத அப்பறம் பேசலாம். அந்தப் பையனைத் தெரு நடுவுல நிக்க வச்சி நான் பேசுன பேச்சு இருக்குதே, அதுக்கு நான்தானே போவணும். அத நீ பண்ண முடியாது."

பிறகு ஒருவரிடம் சீலனுக்குப் போன் போடச் சொன்னார். என்னைப் பார்த்து, "நீ இன்னா, சர்ச்சுக்குப் போவணுமா?"

"போவணும்னு இல்லை."

"அப்ப கயித்தாண்ட போய் நில்லு. பாவு காயற வரைக்கும் ஒரு வண்டி உள்ள வரக் கூடாது. நாங்க டிபன் சாப்புடணும்."

நின்றேன். அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். தெருவில் நானும் பாவும் மட்டும், போன வாரம்போலவே. எங்கள் சர்ச்சில் முதல் மணி அடித்தது. இரண்டாம் மணியும் அடித்தது. ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், "கோயிலுக்கு நேரமாச்சும்மா, ஓரமா போய்டறேன், கயித்தைக் கொஞ்சம் தூக்கு" என்றார். சுற்றிப் போங்க என்றேன். அவர் திட்டினதை இங்கே எழுத வேண்டாம். காபி வரவில்லை. வரும் என்று உள்ளே இரண்டு தடவை பார்த்தேன், வெட்கம்.

வெயில் ஏறினபோது சீலன் மொபெட்டில் வந்தான், இரண்டு பக்கமும் கேன். கயிற்றுக்கு வெளியே நிறுத்தினான். என்னைப் பார்த்தான், பாவைப் பார்த்தான்.

"சொல்ட்டீங்களா?"

"சொல்ட்டேன்."

"சர்ச்சுக்குப் போலியா?"

"இல்லை. நீ?"

"நான் எப்பக்கா போனேன்?" சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது, ஒரு வாரம் கழித்து.

உள்ளேயிருந்து ஏகாம்பரம் ஐயா குரல், தெரு முழுதும் கேட்கிற மாதிரி: "சீலா, உள்ள வாப்பா. உன்னாண்ட பேசணும்."

அவன் ஒரு கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டான். நான் கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன். குனிந்து உள்ளே போனான், பாவில் படாமல், சுவரை ஒட்டி.

"வண்டியைப் பார்த்துக்கங்கக்கா" என்றான்.